சிறுதானியம்: எப்போது விதைப்பது, எவ்வளவு தள்ளி விதைப்பது?

கே: கம்பு விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால் என்ன குறையும்?

ப: பழைய ரகங்கள் பல, பகல் குறுகக் குறுகச் சீக்கிரம் பூத்துவிடும். பிந்தி விதைத்தால் இலை வைக்கும் நாட்கள் குறைந்து, குட்டையிலேயே கதிர் தள்ளும். அதைவிட நான் பார்ப்பது பூக்கும் வாரத்தை. கம்பில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதி, முதலில் வரும். மகரந்தம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். கதிர் பஞ்சு போர்த்தியதுபோல் நிற்கும் அந்த நாட்களில் விடாமல் தூறினால் தேன் ஒழுகல் நோய் (கதிரில் பிசுபிசுவெனத் தேன்போல் வடியும் பூஞ்சை நோய்) நுழையும். அதனால் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள். விதை 3 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது.

கே: சோளத்தில் நடுக்குருத்து காய்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது.

ப: குருத்து ஈ. முதல் மழையோடு விதைத்தவர் பெரும்பாலும் தப்புவார். பிந்தினால் விதையைக் கூட்டிப் போட்டு, கலைக்கும்போது, அதாவது நெருக்கத்தைக் குறைக்கப் பிடுங்கும்போது, தாக்கியதைப் பிடுங்குங்கள்.

கே: கேழ்வரகுக்கு இடைவெளி?

ப: 30க்கு 10 செ.மீ.; வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10. சதுர மீட்டருக்கு 33 செடி.

கே: கம்புக்கு?

ப: 45க்கு 15.

கே: 30க்கு 10 எல்லாம் பழைய கதை. நான் கேழ்வரகை 60க்கு 60 வைத்தேன். ஒரு தூரில் 25 கதிர்!

ப: அந்தத் தூரைப் படம் எடுக்கலாம், களத்துக்கு வருவது மொத்த வயல். 60க்கு 60 என்றால் சதுர மீட்டருக்கு மூன்று செடிகூட இல்லை, 70 கதிர் தேறாது. 33 செடி மும்மூன்று கதிர் விட்டாலே 100.

கே (அவரே): எண்ணிக்கை சரி, எடை? என் கதிர் உள்ளங்கை அகலம்.

ப: நியாயம். பெரிய கதிர் கொஞ்சம் ஈடுகட்டும். எத்தனை தடவை அறுத்தீர்கள்?

கே (அவரே): மூன்று.

ப: அதுதான். தாய்க்கதிர் முற்றும்போது கடைசியாக வெடித்த பக்கக் கிளையின் கதிர் பச்சையாக நிற்கும். இளம் நாற்று, பாசனம், நல்ல எரு இருந்தால் 25க்கு 25 சதுர நடவு அருமையாக வரும். மானாவாரியில் வேண்டாம்; பக்கக் கிளை வெடிக்க ஈரம் இருக்காது, வெற்றிடத்தில் களைதான் வெடிக்கும்.

கே: அப்படியானால் நெருக்கமே நல்லதா?

ப: இல்லை. தண்டு மெலிந்து சாயும். 15–20 நாளில் கலையுங்கள், மனசு வராவிட்டாலும்.

கே: தினைக்கு இடைவெளி?

ப: 25க்கு 10. சாமைக்கும் அதேதான், கேட்க வேண்டாம்.

கே: கம்பு விதைத்துப் பத்து நாளாகிறது, பாதி முளைக்கவில்லை. விதை மோசமா?

ப: கிளறிப் பாருங்கள். வெள்ளை முளை மண்ணுக்குள் மடங்கிக் கிடக்கிறதா? எவ்வளவு ஆழம் போட்டீர்கள்?

கே: மடங்கித்தான் கிடக்கிறது. ஆறு செ.மீ. இருக்கும்.

ப: என் முதல் பதிலின் கடைசி வரி.