பழைய ஜப்பானின் ஒப்பனை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அந்தக் கால ஜப்பானியப் பெண்கள் பல்லைக் கறுப்பாக வைத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். அது வெற்றிலைக் கறை போன்றதா, அல்லது வேண்டுமென்றே பூசிக்கொண்டதா?

பதில்: வேண்டுமென்றே, மிகுந்த பொறுமையோடு பூசிக்கொண்டதுதான். ஒஹகுரோ என்ற இந்தப் பூச்சுக்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. பழைய ஆணி போன்ற இரும்புத் துண்டுகளைக் காடி, தேநீர், சாகே எனும் அரிசி மது ஆகியவை சேர்ந்த நீரில் நெடுநாள் ஊறவைத்து எடுத்த பழுப்பு நீர் ஒன்று. நுருதே என்ற மரத்தின் இலைகளில் பூச்சிகளால் உண்டாகும் துவர்ப்பான புடைப்புகளை உலர்த்தி இடித்த பொடி மற்றொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பல்லில் தடவினால், பொடியின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து நீரில் கரையாத கருமையாகப் படியும். நம் நாட்டில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுப்பார்களே, அதே வேதியியல்தான் இங்கும் வேலை செய்கிறது. இரும்பு நீரின் நாற்றம் கடுமையானது; நிறமும் சில நாட்களில் மங்கிவிடுவதால் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் படலம் பற்சொத்தையைத் தடுத்தது என்பதும் உண்மை.

கேள்வி: அவ்வளவு சிரமப்பட்டுக் கறுப்பாக்கியது எதற்காக? பெண்கள் மட்டுந்தானா?

பதில்: பழைய ஜப்பானில் ஒருவரின் முகமே அவருடைய வயதையும் நிலையையும் ஊருக்குச் சொல்லிற்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஹெயன் காலத்தில் (794–1185) பல்லைக் கறுப்பாக்குவது பருவம் எய்தியதன் அடையாளமாக அரண்மனை வட்டத்துப் பெண்களிடையே இருந்து, பிறகு ஆண்களிடமும் பரவியது. 1184இல் இச்சி-நோ-தானிப் போரில் எதிரிப் படையினர் நடுவே தன்னை அவர்களுடைய ஆள் என்று சொல்லித் தப்ப முயன்ற தாயிரா குலத்துப் படைத்தலைவர் தாயிரா நோ ததானோரியை, கறுப்புப் பற்களே காட்டிக்கொடுத்தன என்று ஹெய்கே காவியம் கூறுகிறது. எடோ காலத்தில் (1603–1868) பொதுமக்களிடையே அது பெரும்பாலும் மணமான பெண்களின் அடையாளமாயிற்று.

எல்லாரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஹெயன் காலச் சூழலில் நடக்கும் பழங்கதை ஒன்றில், புழுக்களைச் சேகரித்து வளர்க்கும் ஒரு பிரபு வீட்டுப் பெண், உள்ளதை உள்ளபடி வைத்திருப்பதே சரி என்று சொல்லிப் பல்லைக் கறுப்பாக்கவும் புருவத்தைப் பறிக்கவும் மறுத்துவிடுகிறாள். அவளுடைய வெள்ளைப் பற்களைக் கண்டு பணிப்பெண்கள் கூசிப்போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதாபாத்திரம் அவள்.

கேள்வி: புருவத்தைப் பறித்துவிட்டால் முகம் எப்படி இருந்திருக்கும்?

பதில்: பறித்த இடத்தை வெறுமையாக விட்டுவிடவில்லை. நெற்றியின் மேற்பகுதியில், கரிய மையால் புகைபோல் மங்கலான இரண்டு திட்டுகளைத் தீட்டிக்கொண்டார்கள். இது அரண்மனை வழக்கம். எடோ காலத்துச் சாதாரணக் குடும்பங்களில் ஒரு பெண் முதல் குழந்தை பெற்றதும் புருவத்தை மழித்துவிடுவாள். கறுப்புப் பல்லும் புருவமும் இருந்தால் மனைவி. பல் கறுத்துப் புருவமும் இல்லாவிட்டால் தாய்.

கேள்வி: முகத்தில் பூசிய வெள்ளை, அரிசி மாவு என்று என் தோழி சொல்கிறாள். நஞ்சு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: அரிசி மாவும் தினை மாவும் பயன்பட்டதுண்டு; ஆனால் நெடுங்காலம் கோலோச்சியது ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடிதான். 692ஆம் ஆண்டில் கன்ஜோ என்ற துறவி ஈய வெள்ளை செய்து பேரரசி ஜித்தோவிடம் பரிசு பெற்றார் என்று நிஹோன் ஷோக்கி வரலாற்று நூலில் குறிப்பு உள்ளது. இசே வட்டாரத்தில் பாதரசத்திலிருந்தும் ஒரு வெள்ளைப் பொடி செய்தார்கள். ஆக, உங்கள் தோழியின் கூற்றில் பாதி உண்மைதான் இருக்கிறது.

ஈயப் பொடி தோலில் நன்றாகப் படிந்தது, பரவியது, விலையும் மலிவு. அதனால்தான் அதை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. பொடியை நீரில் குழைத்து, தூரிகையால் முகம், காது, கழுத்து, பிடரி, மார்பின் மேற்பகுதி வரை பூசினார்கள். 1813இல் வெளியான மியாக்கோ ஃபூசொகு கெவைதென் என்ற ஒப்பனைக் கையேடு, பொடி குழைக்கும் முறையிலிருந்து முகத்தின் குறைகளை மறைக்கும் உத்திகள் வரை விளக்கியது. நூறாண்டுகளுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் அச்சான நூல் அது.

ஈயத்தின் கேடு வெளிச்சத்துக்கு வந்தது மெய்ஜி காலத்தில் (1868–1912). 1887இல் பேரரசர் முன்னிலையில் நடந்த, கபுகி எனும் ஜப்பானிய மரபு நாடகத்தில், பெண் வேடங்களுக்குப் புகழ்பெற்ற நடிகர் நகமுரா ஃபுகுசுகேயின் கால் நடுங்கி நிற்காமல் போயிற்று. ஆண்டுக்கணக்காகப் பூசிய ஈயமே காரணம் என்று தெரிந்தது. அதைவிட வேதனையானது குழந்தைகளின் கதை. மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோயால் கைக்குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததற்கு, தாய்மார் பூசிய ஈயப் பொடியே காரணம் என்பதைக் கியோத்தோவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹிராய் இகுதாரோ 1923இல் எடுத்துக்காட்டினார். ஈயமில்லாத பொடிகள் அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடைகளுக்கு வந்துவிட்டன. இருந்தும் ஈய வெள்ளைக்கு முழுத் தடை வர 1930கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தத் தாமதத்தை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: பழைய ஓவியங்களில் சில பெண்களின் கீழுதடு பச்சையாகத் தெரிகிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையல்ல, அது செல்வச் செழிப்பின் அடையாளம். உதட்டுச் சிவப்பு, குசும்பாப் பூவிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றைய யமகத்தா மாவட்டத்தைச் சேர்ந்த மொகாமி வட்டாரம் அதற்குப் பெயர்போனது. பூவைச் சுற்றியுள்ள முட்கள் பனியில் நனைந்து மென்மையாக இருக்கும் விடியற்காலையிலேயே இதழ்களைப் பறித்துவிடுவார்கள். இதழில் பெரும்பகுதி மஞ்சள் சாயம். சிவப்பு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். மஞ்சளைக் கழுவி நீக்கி, இதழ்களைப் புளிக்கவைத்து, இடித்து, வட்டமாகத் தட்டி உலர்த்திய வில்லைகள், மொகாமி ஆற்றின் வழியே சக்கத்தா துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் கியோத்தோவை நோக்கியும் பயணப்பட்டன. அங்கே சாம்பல் நீரில் சிவப்பைக் கரைத்தெடுத்து, புகையூட்டிய உமே எனும் பிளம் வகைக் காயின் புளிப்பு நீரால் அதைத் திரளச் செய்தார்கள். எடைக்கு எடை பொன் என்று அதன் விலையைச் சொல்வது வழக்கம்.

இந்தச் சாந்தைப் பீங்கான் கிண்ணத்தின் உட்புறத்தில் பூசி விற்றார்கள். உலர்ந்ததும் அது பொன்வண்டின் இறக்கைபோலப் பச்சையாக மின்னும். ஈரத் தூரிகை பட்டவுடன் சிவந்துவிடும். உதட்டில் அடுக்கடுக்காகத் தடித்துப் பூசினால் அங்கும் அந்தப் பச்சை மினுமினுப்பு தோன்றும். 1804 முதல் 1830 வரையிலான காலத்தில் இதுவே உச்ச நாகரிகமாக இருந்தது; கெய்சாய் எய்சென் தீட்டிய பெண்களின் உதட்டில் நீங்கள் காண்பது இதைத்தான். அவ்வளவு சாந்து வாங்க இயலாதவர்கள் முதலில் எழுதும் மையைத் தடவி, அதன்மேல் மெல்லியதாகச் சிவப்பைப் பூசி அதே நிறத்தை வரவழைத்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் பாராட்டத்தக்கது.

கேள்வி: தவிடு, குயில் எச்சம் என்றெல்லாம் இப்போது விளம்பரம் வருகிறது. வீட்டில் செய்து பார்க்கலாமா?

பதில்: அரிசித் தவிட்டைச் சிறு துணிப்பையில் கட்டி, வெந்நீரில் நனைத்து உடலைத் தேய்ப்பது எடோ காலக் குளியலறைகளின் அன்றாட வழக்கம். தவிடு புதிதாக இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். எச்சம் குயிலுடையதன்று, உகுயிசு என்ற சிறு பாடும் பறவையின் எச்சத்தை உலர்த்திப் பொடித்து முகம் கழுவப் பயன்படுத்தினார்கள். கிருமி நீக்கப்படாத எச்சத்தை முகத்தில் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: தலைமுடிக்கு என்ன செய்தார்கள்?

பதில்: ஹெயன் அரண்மனையில் தன் உயரத்தையும் மிஞ்சித் தரையில் புரளும் கூந்தலே அழகு. எடோ காலத்தில் மெழுகும் எண்ணெயும் கலந்த மணமூட்டிய பசையால் உயரக் கொண்டையிட்டு, அது கலையாமலிருக்க உயரமான சிறு தலையணையில் கழுத்தை மட்டும் வைத்து உறங்கினார்கள். கடற்பாசியையும் மாவையும் வெந்நீரில் கரைத்துத் தலை கழுவுவது மாதம் ஒருமுறை என்ற அளவில்தான். சுபாக்கி எனும் கமேலியா மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் மட்டும் இன்றும் அதே புகழோடு விற்பனையாகிறது.

கேள்வி: இவ்வளவும் எப்படி மறைந்தன? இன்று எங்கேனும் காண முடியுமா?

பதில்: 1870இல், அரண்மனைப் பிரபுக்கள் பல்லைக் கறுப்பாக்குவதையும் புருவம் மழிப்பதையும் அரசு ஆணையிட்டு நிறுத்தியது. 1873இல் பேரரசி ஷோக்கென் தாமே அந்த இரண்டையும் கைவிட்டார். நகரத்துப் பெண்கள் அவரைப் பின்பற்றினார்கள். நாட்டுப்புற மூதாட்டியர் பலர் இருபதாம் நூற்றாண்டிலும் தங்கள் கறுப்புப் பற்களை விடவில்லை. இன்று கியோத்தோவின் மைக்கோக்கள், அதாவது கெய்ஷா எனும் கலைஞராகப் பயிலும் இளம்பெண்கள், பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில் சில நாட்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதுண்டு. குசும்பாச் சிவப்பைப் பார்க்க விரும்பினால், 1825இல் தொடங்கிய இசெஹான் கடையார் தோக்கியோவின் மினாமி அவோயாமா பகுதியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பச்சை மின்னும் அந்தக் கிண்ணங்களை இன்றும் அவர்கள் செய்து விற்கிறார்கள்.