கொய்யா மரத்தை வெட்ட வேண்டாம்

கேள்வி: என் கணவர் பிக்கப் வண்டியில் நாடுகாணி வழியாக நிலம்பூர், கோழிக்கோடு பக்கம் வாரம் இரண்டு தடவை காய்கறி கொண்டுபோகிறார். அங்கே மறுபடியும் நிபா என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கொல்லையில் ஒரு கொய்யா மரம். ராத்திரியானால் வௌவால் வருகிறது. மரத்தை வெட்டிப்போடு என்கிறார் மாமியார். ஏழு வயது மகன் கீழே கிடக்கும் பழத்தைப் பொறுக்கித் தின்கிறவன். நாங்கள் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
- ஒரு வாசகி, கூடலூர்

பதில்: நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ் நோய்தான். ஆனாலும் மரம் இருக்கட்டும் அம்மா. நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள். வெட்டினால் வௌவால் பக்கத்து வீட்டு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். கல்லெறிவதும் வெடி போட்டு விரட்டுவதும் இன்னும் மோசம். மிரண்டு அலைக்கழியும் வௌவாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் கிருமி கூடுதலாக வெளிவரக்கூடும் என்றுதான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

மகனைத்தான் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று சொல்லிச் சொல்லியே நாமெல்லாம் வளர்ந்தோம். பல் பட்ட பழமும் தரையில் கிடக்கும் பழமும் இனி குப்பைக்குத்தான். கடித்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்னலாமா என்று கேட்பார்கள், வேண்டாம். மரத்திலிருந்து பறித்த முழுப்பழத்தை நன்றாகக் கழுவி, தோலைச் சீவிக் கொடுங்கள். கொல்லையைக் கூட்டும்போது கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு பழத்தை அள்ளுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்தால் கிருமியின் கதை முடிந்தது.

பச்சைப் பதநீரையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். வங்கதேசத்தில் ஈச்ச மரத்தில் கட்டிய கலயத்தை ராத்திரியில் வௌவால் நக்கிவிட்டுப் போகிறது. காலையில் அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்குப் பல வருடங்களில் நிபா வந்திருக்கிறது. அங்கே இப்போது கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொல்கிறார்கள். கருப்பட்டிக்குப் பயமில்லை. கொப்பரையில் அத்தனை நேரம் கொதித்த பிறகு எந்தக் கிருமி மிஞ்சும்?

சரி, உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான்.

2020-இல் கொரோனா வந்ததைப் போல இது வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். இது அந்த வேகத்தில் பரவுவதில்லை. ஒரு நிபா நோயாளியிடமிருந்து நோய் தொற்றுகிறவர்கள் சராசரியில் ஒருவருக்கும் குறைவு. மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்புகிறவருக்கு ஆபத்து மிகவும் சொற்பம். நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் இது பிடிக்கிறது: கஞ்சி ஊட்டுகிற மனைவி, வாந்தியைத் துடைக்கிற அம்மா, ஊசி போடுகிற நர்ஸ். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரத்தில் 17 பேர் இறந்தார்கள். முதல் நோயாளி ஒருவருக்குத்தான் வௌவாலிடமிருந்து வந்ததாக நினைக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனை வார்டிலும் நடைபாதையிலும் வைத்துத்தான் தொற்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அந்த முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினிக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். என்ன நோய் என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தொற்றிவிட்டது.

அதனால் கணவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள்: அங்கே தெரிந்தவர் யாராவது காய்ச்சலில் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டிப் பார்க்கும் மரியாதையெல்லாம் இப்போது வேண்டாம். போனில் விசாரித்தால் போதும். சாவு வீட்டிலும் அப்படித்தான். உடலைக் குளிப்பாட்டுவது, முகத்தைத் தொட்டு அழுவது, வாய்க்கரிசி போடுவது எல்லாமே எச்சிலும் வியர்வையும் கையில் படும் காரியங்கள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. அதே 2018 மே மாதம், பொள்ளாச்சியில் என் கிளினிக்குக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். இளநீர் லோடு அடிப்பவர். நல்ல காய்ச்சல், தலைவலி. ராத்திரி ஒன்பது மணி, எனக்குப் பசி. மாஸ்க் மேஜை மேல் கிடக்கிறது. டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன், அவர் என் முகத்துக்கு நேராக இருமினார். சீட்டு எழுதும்போதுதான் சொன்னார், "கோழிக்கோடு ஆஸ்பத்திரியில் மச்சானுக்குத் துணைக்கு நாலு நாள் இருந்தேன் சார்." என் பேனா அப்படியே நின்றுவிட்டது. அன்று ராத்திரியே அவரைத் தனி அறை உள்ள இடத்துக்கு அனுப்பிவிட்டு, நான் மாடியறையில் படுத்தேன். வீட்டுக்காரி கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு மூன்று படி தள்ளி நின்று பேசுவாள். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது: டெங்கு. டெங்கு என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட டாக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் மேல் என்ன தப்பு? எங்கே போயிருந்தீர்கள் என்று முதலில் கேட்காதது நான்தான். அன்றிலிருந்து நாடி பிடிப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வி. நீங்களும் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீட்டுப் போடுமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கணவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? உங்கள் ஊரில் இந்தப் பருவத்தில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் நிபா நோயாளிக்குப் பக்கத்தில் இருந்திருந்தாலோ, காய்ச்சலோடு மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் தெரியாத மயக்கம் வந்தாலோ, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, எங்கே போய்வந்தார் என்பதையும் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. வண்டி வரும் வரை ஒரே ஒரு ஆள் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், அதுவும் என்95 மாஸ்க்கோடு. துண்டு, டம்ளர், தலையணை எல்லாம் தனி. பையனை மாமியாரோடு வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். கிருமி உடம்பில் புகுந்து நோய் தெரிய பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். ஆனாலும் நோயாளியோடு பழகியவர்களை 21 நாள் கண்காணிப்பில் வைக்கிறார்கள். அது தண்டனை இல்லை, சுகாதார ஆய்வாளர் வந்தால் கோபப்படாதீர்கள்.

கேள்வி: நிலவேம்புக் குடிநீர் குடித்தால் நிபா வராதா?
- ஒரு வாசகர், வால்பாறை

பதில்: நிபாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தடுப்பூசியும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கஷாயம் குடித்திருக்கிறோமே என்ற தைரியத்தில் நோயாளி வீட்டுக்குப் போய்விடாதீர்கள், எனக்கு அந்தக் கவலைதான்.

கேள்வி: பிராய்லர் கோழியால் பரவுகிறதாமே?
- ஒரு வாசகி, பாலக்காடு

பதில்: 2018-லேயே சுற்றிய வாட்ஸ்அப் புரளி அது. 1998, 99-இல் மலேசியாவில் முதன்முதலாக இந்நோய் தெரியவந்தபோது இடையில் இருந்தது பன்றி. பண்ணையில் வேலை செய்தவர்களுக்குத்தான் வந்தது, லட்சக்கணக்கில் பன்றிகளைக் கொன்றார்கள். சுங்கை நிபா என்ற ஊரின் பெயர்தான் கிருமிக்கு ஒட்டிக்கொண்டது. கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக வேகவைத்து, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை வழக்கம்போல வையுங்கள்.