திண்ம இரசாயனம் ஒன்று ஒட்சியேற்றியா என்று எப்படிச் சோதிப்பது?

யாழ்ப்பாணத்தில் ஓர் உரக்கடையில் லேபல் போன வெள்ளைத் தூள் மூடை கிடக்கிறது, அதைப் பொற்றாசியம் அயடைட்டில் போட்டுப் பார்த்தால் ஒட்சியேற்றியா (மற்றப் பொருளிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும், அல்லது அதற்கு ஒட்சிசனைக் கொடுக்கும் பொருளா) என்று தெரியுமா என்பது உங்கள் கேள்வி. பாதிதான் தெரியும். அந்தப் பாதி கடைக்காரருக்குத் தேவையான பாதியும் இல்லை.

பள்ளிக்கூட ஆய்வுகூடச் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஐதான சல்பூரிக்கமிலம் சேர்த்த அயடைட்டுக் கரைசலில் ஒரு சிட்டிகை தூளும் கொஞ்சம் மாப்பொருட் கரைசலும் விட்டால், அயடீன் வெளிவந்து கருநீலமாகும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைப் போட்டால் உடனே நிறம் மாறும். பக்கத்தில் தூள் போடாத குழாய் ஒன்றையும் வையுங்கள். காற்றிலுள்ள ஒட்சிசனே போதும், கொஞ்ச நேரத்தில் அதுவும் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

சிக்கல் இனித்தான். திராட்சைப் பந்தலுக்கு போடோக் கலவை தயாரிக்க வாங்கும் மயில்துத்தமும் (செப்புச் சல்பேற்று) இதே சோதனையில் அயடீனைத் தரும். ஆனால் அது தீயை வளர்க்கும் பொருள் இல்லை. வெடிமருந்துக்குப் போகும் பொற்றாசியம் நைத்திரேற்றோ ஐதான கரைசலில் சும்மா கிடக்கும். கரைசலில் இலத்திரனைப் பிடுங்குவது ஒன்று, சூட்டில் ஒட்சிசனைக் கொடுத்து மற்றதை எரியவைப்பது வேறொன்று. களஞ்சியத்தில் பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

அதற்கு ஐக்கிய நாடுகளின் சோதனைக் கைநூலில் O.1 என்று ஒரு முறை இருக்கிறது. தூளை உலர்ந்த செலுலோசு நாருடன் எடைப்படி 4:1, 1:1 என்று இரண்டு விகிதத்தில் கலந்து, 30 கிராமை 70 மி.மீ. அடியுள்ள கூம்பாகக் குவித்து, அடியில் வைத்த கம்பிச் சுருளை மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சி, எரிந்து முடிய எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள். பொற்றாசியம் புறோமேற்றும் செலுலோசும் 3:7 ஆகக் கலந்த கூம்பு எடுக்கும் நேரத்துக்குள் எரிந்தால் அது ஐ.நா. ஆபத்துப் பொருள் பட்டியலில் 5.1 வகுப்பு, அதாவது ஒட்சியேற்றி. புறோமேற்று புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் இருப்பதால், பின்னர் வந்த O.3 முறையில் அதற்குப் பதிலாகக் கல்சியம் பேரொட்சைட்டை ஒப்பீட்டுக்கு வைத்து, எரியும்போது எடை குறையும் வேகத்தை அளக்கிறார்கள். செலுலோசை 105 பாகை செல்சியசில் உலர்த்தித்தான் எடுக்க வேண்டும். நம்மூர் மார்கழி ஈரத்தில் மேசையில் திறந்து வைத்த நாரை வைத்துச் செய்தால் கிடைக்கும் நேரத்தை நம்பவே முடியாது.

இதைக் கடைக்குப் பின்னால் செய்துபார்க்க வேண்டாம். தெரியாத தூளை எரியும் பொருளோடு கலந்து அம்மியிலோ உரலிலோ அரைப்பது அதைவிட மோசம், உராய்வே போதும் சிலதுக்கு.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? மூடையை மண்ணெண்ணெய், கந்தகம், வெறும் சாக்கு, வைக்கோல் எதுவும் இல்லாத உலர்ந்த மூலைக்கு மாற்றுங்கள். பழைய பில்லைத் தேடி, விற்றவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேளுங்கள். அதில் ஏற்றியிறக்கும் விபரம் உள்ள 14ஆம் பகுதியைப் பாருங்கள். பொற்றாசியம் நைத்திரேற்று என்றால் ஐ.நா. எண் 1486, உலர் கல்சியம் ஐப்போகுளோரைற்று என்றால் 1748, இரண்டுக்கும் பக்கத்தில் 5.1 என்று இருக்கும். வெறும் யூரியாவாக இருந்தால் அந்த இடத்தில் ஆபத்து வகுப்பு எதுவும் போட்டிருக்காது.