நிலத்தில் யார் அனுபவத்தில் இருக்கிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா கிரயம் வாங்கிய 64 சென்ட் புஞ்சை. நாங்கள்தான் பயிர் வைத்து வந்தோம். மூன்று மாதத்துக்கு முன் வெளியூர் போயிருந்த நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைக் கரைத்து மொத்தத்தையும் உழுதுவிட்டார். ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: மூன்று மாதம்தான் ஆகிறது என்பது பெரிய ஆறுதல். 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 6 உங்களுக்கானது. சட்ட வழியில் அல்லாமல் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கே கோர்ட் போகாது. நீங்கள் அனுபவத்தில் இருந்தீர்களா, அதாவது நிலம் உங்கள் கைவசம் இருந்ததா, அடாவடியாக வெளியேற்றினார்களா, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. ஹைகோர்ட்டில் சீராய்வு மனு (ரிவிஷன்) மட்டும் போடலாம்.

'பேசித் தீர்த்துக்கலாம்' என்று ஊர்ப் பெரியவர்கள் இழுத்து, அந்த ஆறு மாதமும் போன பிறகு பத்திரக் கட்டோடு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, 12 ஆண்டுக்குள் உரிமையின் பேரில் வழக்குப் போடலாம். ஆனால் அப்போது தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும்.

கடந்த பசலிகளின் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டுகள்) அடங்கல் நகல், அதாவது யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு, தீர்வை ரசீது, மோட்டார் இருந்தால் அதன் மின் இணைப்பு ஆவணம், உழவு ஓட்டியவரின் சாட்சி, இவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். இடத்தைப் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம்; அவர் சர்வேயரோடு வந்து அளந்து, வரப்பு இருந்த அடையாளத்தைக் குறிப்பார். ஆனால் யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்வது அவர் வேலை இல்லை. அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: பட்டா என் பெயரில் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைத் தருவது பத்திரமும் வாரிசுரிமையும்தான். அனுபவத்தைக் காட்ட ஓரளவு உதவும்.

கேள்வி: சார், நிலம் என் கையில்தான் இருக்கிறது. யாரும் உள்ளே வராமல் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டேன். எதிராளி 'எனக்கும் கிரயப்பத்திரம் இருக்கிறது' என்று பதிலுரை போட்டிருக்கிறார்.

பதில்: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் உரிமையின் மேலேயே நிஜமான சந்தேகம் விழுந்துவிட்டால், வெறும் தடை கேட்ட வழக்கு நிற்காது. சொத்து எனக்குப் பாத்தியப்பட்டது என்று விளம்புகையும் (கோர்ட்டின் அறிவிப்பு) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாரணை ஆரம்பிக்கும் முன்பே வழக்குரையைத் திருத்த மனு போடுங்கள். சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் வாங்குவது கஷ்டம்.

கேள்வி: பூர்வீக நிலம், பாகம் பிரிக்கவில்லை. நாங்கள் சென்னையில். சித்தப்பா 15 வருஷமாகப் பயிர் செய்கிறார். '12 வருஷம் ஆயிடுச்சு, இனி என்னுது' என்கிறார்.

பதில்: பயப்படாதீர்கள். ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் பங்கை வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்தும் 12 ஆண்டு ஓடியிருந்தால்தான் எதிரிடை அனுபவம், அதாவது உங்கள் உரிமையை எதிர்த்து வைத்திருந்தே சொந்தமாக்கிக்கொள்வது. இப்போது வாய்விட்டு மறுத்துவிட்டார் அல்லவா, அதனால் இனியும் காத்திருக்க வேண்டாம். பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள்.

கேள்வி: நிலத்தின் சுவாதீனத்தை (கைவசத்தை) எனக்கு ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பாகி இரண்டு வருஷம். காலி செய்ய மறுக்கிறார்கள்.

பதில்: தீர்ப்பு வந்தால் நிலம் தானாக வராது. தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்டு நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. கோர்ட் அமீனா (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) நேரில் வந்து சுவாதீனம் எடுத்துக் கொடுப்பார், தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவு வாங்கலாம். 'நான் குத்தகைக்காரன்' என்று புதிதாக யாராவது மறித்தால் தனி வழக்கு வேண்டாம், அந்தத் தகராறையும் அதே கோர்ட்டே தீர்க்கும். நாளைக்கே தீர்ப்பாணை நகலுக்கு மனுப் போடுங்கள்.