உதடு உரிகிறது, முத்தம் கொடுக்கவே பயம்

கேள்வி: அக்கா, நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். உதடு காய்ந்து, உரிந்து, எரிகிறது. சம்பல் பட்டால் கண்ணீரே வருகிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரி லிப் பாம் தடவத் தடவ இன்னும் மோசம். இது ஒட்டுமா? மகளுக்கு முத்தம் கொடுக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடும்மா. நீ சொல்வது உதட்டு எக்ஸிமா, அதாவது தோல் அழற்சி போலத்தான் தெரிகிறது. அது யாருக்கும் ஒட்டாது.

அந்த லிப் பாமை இன்றே தூக்கிப் போடு. அதிலுள்ள வாசனையும் சுவையூட்டியுமே பலருக்கு ஒவ்வாது. பற்பசையில் உள்ள புதினா, இலவங்கப்பட்டைச் சுவையும் அப்படித்தான். வாசனையில்லாத வெறும் வாசலினை சாப்பிடும் முன்பும், படுக்கும் முன்பும் கனமாகப் பூசு. வெயிலில் காயும்போது நாக்கால் நக்கி ஈரப்படுத்துவாய், தெரியும். நான் தோட்டத்துத் தாதியாக இருந்தபோது வாயைச் சுற்றிச் சிவப்பு வளையத்தோடு வந்த பிள்ளைகள் எல்லாம் நக்கும் பிள்ளைகள்தான். எச்சில் காயும்போது தோலின் ஈரத்தையும் கொண்டு போகிறது.

மாம்பழத்தைத் தோலோடு கடிக்கிறாயா? அதன் பால் பட்டாலும் இப்படிப் புண்ணாகும்.

ஸ்டீராய்டு களிம்பை நீயாக வாங்காதே. டாக்டர் கொடுத்தால், சொன்ன நாள் மட்டும் மெல்லியதாகத் தடவு. வாய் ஓரம் மட்டும் வெடித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்தே வேறு. ஆறவில்லையென்றால் ஒவ்வாமைப் பரிசோதனை கேள்: ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் வைத்த ஒட்டுப்பட்டைகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மஞ்சள் பொருக்கோ சீழோ கண்டால் மறுநாளே கிளினிக் போ.