வெற்று மைய ஒளியிழையும் வேகப் போட்டியும்: கேள்வி பதில்

பெங்களூரில் ஒளியிழைத் தொடர்புத் துறையில் பணிபுரிகிறேன். பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழர்கள் அண்மைய ஆய்வுகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒளியியல் என் துறை என்பதால் அதற்கு இடம் அதிகம்.

அல்சூர், கல்லூரி மாணவி: நடுவில் கண்ணாடியே இல்லாத ஒளியிழை, கண்ணாடி இழையை மிஞ்சிவிட்டதாகப் படித்தேன். காற்று எப்படி ஒளியைப் பிடித்து வைத்திருக்கும்?

சாதாரண இழையில் மையத்தின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள உறையைவிடச் சற்றே அதிகம். அதனால் முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்து ஒளி உள்ளேயே ஓடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் கண்ணாடியைவிடக் குறைவு என்பதால் இந்த வழி அங்கே உதவாது. ஆகவே வெற்று மையத்தைச் சுற்றி, ஏறத்தாழ ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ சுவர்த் தடிமன் கொண்ட கண்ணாடிக் குழல்களை, ஒன்றுக்குள் ஒன்றாகவும் பக்கத்துக் குழலைத் தொடாமலும் வளையமாக அமைக்கிறார்கள். சுவரின் தடிமனைச் சரியாகத் தேர்ந்தால், நமக்கு வேண்டிய அலைநீளத்தில் ஒளி அந்தச் சுவரைக் கடக்க முடியாமல் மையத்துக்கே திரும்பிவிடும்.

2025 செப்டம்பரில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியிட்ட அளவீடு, 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.091 டெசிபல் இழப்பு. இன்று நிலத்தடியில் கிடக்கும் இழைகளில் இது சுமார் 0.2. அதாவது, வழக்கமான இழையில் 15 கிலோமீட்டரில் பாதியாகும் ஒளி, புதிய இழையில் 33 கிலோமீட்டர் சென்ற பிறகுதான் பாதியாகிறது. கண்ணாடியை எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும், அது உறையும்போதே அதன் அடர்த்தியில் பதிந்துவிடும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் ஒளியைச் சிதறடிக்கும். அந்த ராலே சிதறலால்தான் மிகச் சிறந்த திண்மக் கண்ணாடி இழைகூடப் பல ஆண்டுகளாக 0.14 அளவிலேயே நின்றுவிட்டது. மையத்திலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டதால் அந்த வரம்பும் போய்விட்டது. 1966இல் ஒளியிழைத் தொடர்பின் முன்னோடி சார்லஸ் காவோ கிலோமீட்டருக்கு 20 டெசிபல் என்ற இலக்கை முன்வைத்ததிலிருந்து பார்த்தால், இது எவ்வளவு பெரிய பயணம் என்பது புரியும்.

ஆய்வகத்துக்குப் போனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

ஜெயநகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒளி இதில் ஒன்றரை மடங்கு வேகமாகச் செல்கிறது என்றால் ஐன்ஸ்டைன் சொன்ன வரம்பு என்னாகும் ஐயா?

வரம்புக்கு ஒன்றும் ஆகாது ஐயா. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,04,000 கிலோமீட்டர்தான் செல்கிறது. வெற்று மையத்தில் அது 3,00,000க்கு நெருங்குகிறதே தவிர அதைத் தாண்டவில்லை.

வரம்பு உடைந்துவிட்டதாக உலகமே பேசியது 2011இல். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்குச் சுமார் 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபெரா குழு அறிவித்தது. கடைசியில் முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது, நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது. கனெக்டரை முதலில் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

செம்பூர், பங்குத் தரகு நிறுவன ஊழியர்: இந்த இழை சந்தைகளை இணைத்தால் வேகம் கூடும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறையும். சிறு முதலீட்டாளருக்கும் நன்மைதானே?

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு வழியில் ஒன்றரை மில்லிநொடி மிச்சமாகும். 2010இல் சிகாகோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே கிட்டத்தட்ட நேர்கோட்டில் இழை புதைத்து, போய்வரும் நேரத்தைச் சுமார் 13 மில்லிநொடியாக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே, காற்றின் வழியே செய்தி அனுப்பும் நுண்ணலைக் கோபுரங்கள் அதை முந்திவிட்டன. எனவே ஆர்வம் இருக்கும். நன்மை யாருக்கு என்பது தனிக் கேள்வி.

கோரமங்களா, மென்பொருள் பொறியாளர்: செம்பூர் நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. மைக்ரோநொடிக்காகக் கோடிகளைக் கொட்டுவது வெறும் வீண்.

செம்பூர், மீண்டும்: கத்திக் கத்தி வியாபாரம் செய்த காலத்தில் இருந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள் சார்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வணிகம் கணினிக்கு மாறியதால் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அந்த நன்மையைக் காட்டி, கடைசி மைக்ரோநொடிக்கான போட்டியை நியாயப்படுத்த முடியாது. லண்டன் பங்குச் சந்தையின் செய்திப் பதிவுகளை, வென்ற ஆணை (வாங்கவோ விற்கவோ அனுப்பும் உத்தரவு) மட்டுமன்றித் தோற்ற ஆணைகளையும் சேர்த்து ஆராய்ந்த அக்விலினா, புடிஷ், ஓநீல் ஆகியோரின் 2022 கட்டுரை இதில் முக்கியமானது. லண்டனின் நூறு பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஃப்டிஎஸ்இ 100 குறியீட்டின் பங்கு ஒவ்வொன்றிலும், ஒரே விலையைப் பிடிக்கப் பலர் ஒரே சமயத்தில் மோதும் ஓட்டப்பந்தயங்கள் நாளுக்குச் சராசரியாக 537 நடந்தன. மொத்த வணிகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவற்றில் அடங்கியது. இதன் சுமை லட்ச ரூபாய் வணிகத்துக்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய் என்ற விகிதத்தில் வருகிறது.

செம்பூர், மூன்றாம் முறை: லட்சத்துக்கு ஐந்து ரூபாய் ஒரு பணமா?

ஒருவருக்கு அற்பம்தான், சந்தையின் மொத்த வணிகத்தின் மீது நாள்தோறும் விழும்போது அற்பம் அல்ல. இந்தப் பந்தயத்தை நீக்கினால் சந்தையில் வாங்கி விற்கும் செலவு 17 சதவீதம் குறையும் என்று அதே கட்டுரை கணிக்கிறது. நியூயார்க்கின் ஐஇஎக்ஸ் சந்தை சுமார் 61 கிலோமீட்டர் இழையைச் சுருட்டி வைத்து, வரும் ஆணைகளை 350 மைக்ரோநொடி தாமதப்படுத்துகிறது. எங்கள் இழையை ஒருவர் வேகத்துக்காக வாங்க, இன்னொருவர் தாமதத்துக்காகவே வாங்குகிறார்.

மும்பையிலேயே கோ-லொகேஷன் (தரகர்களின் கணினிகளைச் சந்தையின் கணினிகளுக்கு அருகிலேயே வைக்கும் வசதி) சர்ச்சை எழுந்தபோது கேள்வி இழையைப் பற்றியது அல்ல. தரவை ஒருவர் பின் ஒருவராக அனுப்பும் முறையில், முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்ததா என்பதே கேள்வி. ஒரு மீட்டர் கேபிளுக்கு ஐந்து நானோநொடிதான். வரிசையில் நிற்பதால் இழக்கும் நேரம் அதைவிடப் பன்மடங்கு. எந்த ஆய்வைப் படித்தாலும் தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்று முதலில் தேடுங்கள்.

ஒயிட்ஃபீல்டு, தரவு ஆய்வாளர்: தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் பிழை விகிதம் ஆங்கிலத்தைவிட ஏன் இவ்வளவு அதிகம்?

ஒரு காரணம் தரவு. 2022இல் வந்த, ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற மாதிரி 6,80,000 மணி நேரப் பதிவில் பயின்றது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்குமாகச் சேர்த்துக் கிடைத்தது 1,17,000 மணி நேரம்தான். மற்றொரு காரணம் அளவுகோல். ‘வந்து கொண்டிருக்கிறேன்’ என்பதை மாதிரி ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால், ஓர் இடைவெளிக்காக இரண்டு சொற்பிழைகள் கணக்கில் ஏறும். பிழைகளைச் சொல்லாக அல்லாமல் எழுத்தெழுத்தாக எண்ணும் எழுத்துப் பிழை விகிதத்தையும் உடன் கேளுங்கள். கன்னடமும் ஆங்கிலமும் கலந்த நம் பெங்களூர்ப் பேச்சைப் பற்றி ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழுவின் வெளியீடுகளைப் பார்ப்பதே சரி.

எலக்ட்ரானிக் சிட்டி: செயற்கை நுண்ணறிவு பங்கு விலையைச் சரியாகக் கணிக்குமா?

பழைய விலைகளில் நன்றாகக் கணித்ததாகக் காட்டும் வரைபடம் எதையும் நிரூபிக்காது. நூற்றுக்கணக்கான விதிகளைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகவே பொருந்தும்.

மாட்டுங்கா: எந்தப் பங்கை வாங்கலாம்?

செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

மாரத்தஹள்ளி: கணிப்பு மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

எலக்ட்ரானிக் சிட்டி நண்பருக்கு எழுதியதே உங்களுக்கும். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

ராஜாஜிநகர், இல்லத்தரசி: வீட்டு இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. இழை பழுதா அண்ணா?

உடனே இழையைக் குற்றம் சொல்ல வேண்டாம் அம்மா. கனெக்டரின் முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் நிற வட்டத்தின் நடுவில் ஒன்பது மைக்ரான் அகலத்தில் சிறு புள்ளியாக மையம் தெரியும். ஒருமுறை விரல் பட்டாலே எண்ணெய்ப் படலம் அதை மூடிவிடும். அதனால் நீங்களே கழற்ற வேண்டாம், முனையை உற்றுப் பார்க்கவும் வேண்டாம். இழை எங்காவது கூர்மையாக மடங்கியிருந்தால் நேராக்கிவிட்டு, நிறுவனத்தின் ஆளை அழையுங்கள். பச்சை கனெக்டரின் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தினுடையது சாய்வற்றது. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தால் ஒளி பெருமளவு இழக்கப்படும். வருபவரிடம் முனையைத் துடைக்கச் சொல்லிவிட்டு, நிறங்கள் பொருந்துகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.