கான்ஜிக்கு எத்தனை படம்தான் மனசுல வரையுறது?

கேள்வி: சார், மலை, ஆறு, மரம்னு படமா பாத்துதான் கான்ஜி, அதாவது ஜப்பான் மொழியில புழங்குற சீன எழுத்து, படிக்க ஆரம்பிச்சேன், சூப்பரா போச்சு. இப்ப எல்லாம் குழம்புது, 'காத்திரு'வும் 'பிடி'யும் ஒரே மாதிரி தெரியுது. மொத்தம் ரெண்டாயிரத்துக்கு மேலயாமே, அத்தனைக்கும் படத்துக்கு எங்க போறது? இந்த முறையே தப்பா?

பதில்: முறை தப்பில்லைங்க, ஆனா முழு எழுத்தையும் ஒரே படமா பாக்குறத இத்தோட விட்டுடுங்க. மலைன்னா மூணு சிகரம், ஆறுன்னா ஓடுற மூணு கோடு, இதெல்லாம் நெஜமாவே பொருளோட உருவத்துல இருந்து வந்த எழுத்து, அதான் பாத்ததும் ஒட்டிக்குது. அந்த வகை ரொம்ப கம்மி. பெரும்பாலான கான்ஜில ஒரு துண்டு அர்த்தத்தை சொல்லும், இன்னொரு துண்டு உச்சரிப்பை சொல்லும், அதனால நீங்க படம் போட வேண்டியது துண்டுகளுக்குத்தான்.

உங்க 'காத்திரு', 'பிடி' ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. வலது பாதி ரெண்டுலயும் ஒண்ணுதான், தெரா, அதாவது புத்தர் கோயில். வித்தியாசம் முழுக்க இடது பக்கம்: ரெண்டு சாய்கோடும் கீழ ஒரு நேர்கோடும் இருந்தா நடை, பாதை, அடியில கொக்கி போட்ட நேர்கோட்டை ரெண்டு கோடு வெட்டுனா கை. கோயிலுக்குப் போற பாதையில ஒருத்தர் நிக்குறாரு, காத்திரு. கோயில் தூணை ஒரு கை பிடிச்சிருக்கு, பிடி. அதே இடத்துல சூரியன் வந்தா நேரம், ஆள் வந்தா சாமுராய். இதுல இன்னொரு லாபம், கோயில், நேரம், பிடி, சாமுராய் நாலுக்கும் சீன வழி உச்சரிப்பு 'ஜி'தான், 'காத்திரு' மட்டும் 'தய்'னு தனியா போயிடும்.

'நீலம்' குடும்பம் இதைவிட அருமை. அது கூட சூரியன் சேந்தா தெளிஞ்ச வானம், தண்ணியோட மூணு துளி சேந்தா சுத்தம், பேச்சு சேந்தா வேண்டுதல், எல்லாத்துக்கும் சீன வழி உச்சரிப்பு 'செய்'தான். இந்த மாதிரி குடும்பத்துக்கு தனித்தனியா கதை கட்டி நேரத்தை வீணாக்காதீங்க.

நீங்க சொன்ன எண்ணிக்கை சரிதான், அன்றாடம் புழங்குற கான்ஜிக்குன்னு ஜப்பான் அரசு வச்சிருக்குற, 2010ல திருத்தின பட்டியல்ல 2136 இருக்கு. ஜப்பான் பிள்ளைங்களே ஆரம்பப் பள்ளியோட 6 வருஷத்துலயும் சேத்து 1026தான் படிக்குறாங்க, அதனால பதறாதீங்க.

ஒண்ணு மட்டும், நாம கட்டுற கதை வரலாறு ஆகாது. 'கிழக்கு'ன்னா மரத்துக்குப் பின்னால சூரியன்னு சொல்லுவாங்க, ஞாபகத்துக்கு ஜோரான படம், ஆனா பழைய வடிவத்தை பாத்தா ரெண்டு முனையும் கட்டின மூட்டை மாதிரி இருக்கும்.

கேள்வி: கதை எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா படிக்கும்போது ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு நின்னுடுறேன். என்ன பண்ண?

பதில்: எழுத்தை தனியா கேள்வி கேட்டு பழகியிருக்கீங்க, அதான். 'நேரம்' எழுத்தை 'ஜிகன்'ங்கிற வார்த்தையோட படிங்க, அந்த வார்த்தை வர்ற சின்ன வாக்கியத்தோட படிங்க, பத்து இடத்துல பாத்துட்டா கோயிலும் சூரியனும் தானா நகந்துடும், நகரட்டும், மறந்தா மட்டும் திரும்ப கூப்பிடுங்க. அப்புறம் கையால எழுதுங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்குறேன். மரத்தோட அடியில ஒரு கோடு போட்டா வேர், மூலம். உச்சியில நீளமா போட்டா நுனி, முடிவு. அதே உச்சிக் கோடு குட்டையா இருந்தா 'இன்னும் இல்ல'. இந்த நீளத்தை கண்ணு கோட்டை விட்டுடும், எழுதுற கை விடாது.